பிராதில் ஏறிய இருமல்

பிப்ரவரி 3, திங்கள்

வக்கீல் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். என்றைக்கு என்ன அரைத்தோம், மெஷின் எப்போது ஓடியது, யார் வந்து சத்தம் போட்டார்கள் என்று அன்றன்றைக்கே குறித்து வைத்தால் கேஸுக்கு உதவுமாம். உரக்கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது.

இன்று அரைத்தது: பச்சரிசி, ராகி, கோதுமை, கொஞ்சம் மிளகாய். சத்தம் போட்டது யாருமில்லை, நான்தான். இவரிடம், என் வீட்டுக்காரரிடம்.

போன வாரம் கோர்ட்டிலிருந்து ஒரு ஆள் வந்து சம்மன் கொடுத்தார். மெஷினை நிறுத்தாமல் மாவுக் கையோடு கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஏதோ பேங்க் சமாச்சாரம் என்று நினைப்பு. பிரித்தால், வாதி கோகிலவாணி, பிரதிவாதி சாந்தாமணி. பிரதிவாதி நான். வாதி வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சர். எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். இந்தப் பக்கம் முன்னால் மில், பின்னால் வீடு. அந்தப் பக்கம் முன்னால் டியூஷன், பின்னால் வீடு. கார்த்திகைக்கு நான் செய்த கச்சாயத்தைத் தின்றுவிட்டுத் தையில் கேஸ் போட்டிருக்கிறாள்.

என் மில் தூசியிலும் மிளகாய் நெடியிலும் அவளிடம் படிக்கிற பிள்ளைகள் தும்முகிறார்களாம், கண் எரிகிறதாம், பாதிப் பேர் நின்றே போய்விட்டார்களாம். ஆகவே மில்லை நிரந்தரமாக மூட வேண்டுமாம். கேஸ் முடியும்வரை இடைக்காலத் தடையும் வேண்டுமாம்.

அந்த இடைக்காலத் தடைதான் எனக்குப் பயம். மாசி, பங்குனி, சித்திரையில்தான் ஊரே வருஷத்து மிளகாய்த்தூளை அரைத்து வைக்கும். அந்த ஓட்டத்தில்தான் மீதி வருஷம் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. இந்த சீசனில் வேறு மில்லுக்குப் போகிற தூக்குவாளி மறுபடி என் வாசலுக்கு வராது. தடை வந்தால் மில் போயிற்று, அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வக்கீல் தனசேகரன் ஐயா ஆபீஸ். கறுப்புக் கோட்டோடு மொபெட்டில் போகிற மனுஷர். குரலை உயர்த்தியே பேச மாட்டார். கொப்பரைக் களத்தில் இவரோடு தேங்காய் உடைக்கிறவர்கள்தான் அவரைச் சொன்னார்கள். அவர் வீட்டு அரிசியும் என் மில்லில்தான் அரைபடுகிறது, அதனால் ஒரு நம்பிக்கை.

டீச்சர் கோர்ட்டில் கொடுத்திருக்கிற பிராதை ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினார். டீச்சர் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னது இருக்கட்டும். ஏழாவது பத்தியில் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? 'மேற்படி தூசியின் கடுமை எத்தகையது என்றால், மில்லை நடத்தும் பிரதிவாதியே இரவு முழுவதும் இருமுகிறார். அது வாதியின் படுக்கையறைக்குச் சுவர் வழியே கேட்கிறது.'

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. ஒரு பொம்பளை தன் வீட்டுக்குள் இருமுவதைக் கோர்ட்டில் கொண்டுபோய் வைப்பாளா? சுவரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டா படுக்கிறாள்?

"இருமல் இருக்குதுங்களாம்மா?" என்று வக்கீல் கேட்டார்.

"எனக்கென்னங்க இருமல்? கல்லுக்குண்டாட்டம் இருக்கறேன்."

அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் ஏதோ சிக்கியது. வக்கீல் ஆபீஸில் ஒட்டடை அடித்து எத்தனை நாளாயிற்றோ. தண்ணீர் வாங்கிக் குடித்தேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப நாம பதிலாக் குடுக்கற எதிருரையில அப்படியே எழுதிரலாம். ஆனா உண்மைன்னா மட்டுந்தான்" என்றார் வக்கீல்.

"எழுதுங்க ஐயா. நல்லா அழுத்தி எழுதுங்க."

பிப்ரவரி 7, வெள்ளி

எதிருரையில் கையெழுத்துப் போட்டேன். 'பிரதிவாதி திடகாத்திரமாக உள்ளார். அவருக்கு இருமல் ஏதும் இல்லை. மேற்படி கூற்று கற்பனையே.' கேட்கக் கேட்க மனசு குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து இவரிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். "செரி" என்றார். எதற்கும் இந்த ஒரு சொல்தான். சம்மன் வந்த அன்றும் "செரி" என்றுதான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி கேஸ் போட்டால் ஒரு ஆம்பளைக்கு ஆச்சரியம்கூட வராதா?

இரண்டு தலையணை பற்றாமல் மூன்றாவதும் எடுத்துக்கொண்டேன். சாய்ந்தாற்போல் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். சிலருக்கு அப்படிப் பழக்கம்.

பிப்ரவரி 12, புதன்

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

வட்டக்காட்டுக்காரர் வீட்டு மிளகாய், ஒரு மூட்டை. அரைத்து முடித்து நிமிர்ந்தால் வாசலில் டீச்சர் நிற்கிறாள், கையில் ராகி டின். ஒரு வார்த்தை பேசவில்லை. டின்னை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கேஸும் போடுவாள், ராகியும் கொண்டுவருவாள். என்ன நெஞ்சழுத்தம்! வேறு ஆளாக இருந்தால் இரண்டு தெரு தள்ளி இருக்கிற மில்லுக்குப் போயிருப்பாள்.

பெரிய மில்களில் மிளகாய்க்குத் தனி மெஷின். எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின். மிளகாய் அரைத்த பின்னால் யாருடைய தானியத்தையும் நேராகப் போடக்கூடாது. முதலில் நம் வீட்டு நொய்யரிசியை ஒரு படி ஓட்ட வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கிற காரத்தையெல்லாம் நொய் வாரிக்கொண்டு வந்துவிடும். அதை ஒதுக்கிவிட்டுத்தான் அடுத்த டின். ஓட்டாமல் போட்டால் அடுத்தவர் மாவில் காரம் ஏறிவிடும். களி கிண்டித் தின்கிறவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

ஒரு நிமிஷம் எனக்குள் பிசாசு புகுந்தது. அவள் ராகி டின்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தேன். யாருக்குத் தெரியப் போகிறது?

அப்புறம் என்ன, ஒரு படிக்கு இரண்டு படியாக நொய்யை ஓட்டினேன். மெஷினுக்கு வாதியும் தெரியாது, பிரதிவாதியும் தெரியாது. அது கெட்ட பெயர் வாங்க நான் விடமாட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

முதல் வாய்தா. மிளகும் கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு போனேன். சும்மா, வாய் மணக்க.

டீச்சர் கோர்ட் பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வக்கீல்கள், ஜப்தி, ஜாமீன் என்று ஒரே இரைச்சல். இவள் பாட்டுக்குச் சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கணக்காகப் போகிறாள். தப்புப் போட்ட இடத்திலும் பக்கத்தில் எப்படிப் போட்டிருக்க வேண்டும் என்று எழுதுகிறாள். எதிராளி என்றாலும் சொல்லத்தான் வேண்டும், வேலையில் கெட்டி.

அவள் வக்கீல் உடனே தடை வேண்டும் என்றார். எங்கள் ஐயா எழுந்து, மெதுவாக, "பார்க்காமல் தடை கொடுத்தால் ஒரு குடும்பத்தின் வருஷம் போய்விடும்" என்றார். அவ்வளவுதான் பேசினார். நீதிபதி அம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டார். அவர் மில்லுக்கு நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார், அதற்கு அப்புறம்தான் தடை உண்டா இல்லையா என்பது.

வெளியே வந்ததும் இருமினேன். ஒன்றுமில்லை, மிளகு சிக்கிக்கொண்டது.

மார்ச் 6, வியாழன்

சனிக்கிழமை கமிஷனர் வருகிறார். மில்லை அலசி விட்டாயிற்று. சுவர்ப்பக்கம் படிந்திருந்த தூசியைத் தட்டினால் சிவப்பாகக் கொட்டியது. மிளகாய்க்காரர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டேன்: சனிக்கிழமை மட்டும் வராதீர்கள். அரிசியும் கோதுமையும் மட்டும் அரைத்துக் காட்டினால் என்ன நெடி வரும்? வக்கீலிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்கு எதற்கு வீண் கவலை.

மார்ச் 8, சனி

கமிஷனர் என்றால் நரைத்த தலையும் தொப்பையுமாக ஒருவரை எதிர்பார்த்தேன். வந்தது ஒரு சின்னப் பெண், வக்கீல் ஷர்மிளா பானு. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுச் செருப்பை வாசலில் விட்டாள். யாரும் மில்லுக்குள் வரும்போது செருப்பை விடுவதில்லை. எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

எங்கள் வக்கீலும் அவர்கள் வக்கீலும் ஓரமாக நின்றார்கள். டீச்சர் தன் வாசலில். இவர் மெஷின் பக்கம். கமிஷனர் டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்தாள், ஜன்னலை அளந்தாள், டீச்சர் வீட்டுக்குப் போய் டியூஷன் அறையைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். நான் வரிசையாக அரிசி, கோதுமை என்று அரைத்தேன். வெள்ளை வெளேரென்று மாவு இறங்குகிறது. சாமி, என்ன சுத்தம்!

"அக்கா, மொளகா எப்ப அரைப்பீங்க?"

"இன்னைக்கு யாரும் கொண்டு வரலீங்களே."

"சீசன்ல சனிக்கெழமையும் அதுவுமா, ஒருத்தர் கூடவா வரல?"

"அதானுங்க எனக்கும் ஆச்சரியமா இருக்குது."

அவள் சிரிக்கவில்லை. ஸ்கூட்டிக்குப் போனாள். ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வறுத்த மிளகாய், கொத்தமல்லி, துளி சீரகம். மணம் மில் முழுக்கப் பரவியது. இரண்டு வக்கீல்களிடமும் காட்டிவிட்டுச் சொன்னாள்: "மொளகா ஓடாம நான் பார்த்தா பார்த்ததா ஆகாது. எங்க வீட்டுக்குத்தான் அரைக்கணும், போர்டுல இருக்கிற கூலியக் குடுத்தறேன். இதையும் அறிக்கையில எழுதுவேன். யாருக்காச்சும் ஆட்சேபணை உண்டுங்களா?"

யாருக்கும் இல்லை. தனசேகரன் ஐயா என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அடேயப்பா, என்ன மூளை! என் திட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டாள், கோபமே வரவில்லை எனக்கு. என் வயிற்றில் இப்படி ஒன்று பிறக்கவில்லையே என்றுதான் வந்தது.

அரைத்தேன். நல்ல காரமான மிளகாய். முதலில் அவர்கள் வக்கீல் தும்மினார். பிறகு எங்கள் ஐயா, கைக்குட்டைக்குள். பிறகு இவர், எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி. கமிஷனர் கண்ணில் தண்ணீர் வழிய வழிய எழுதிக்கொண்டே இருந்தாள். நான் மட்டும் தும்மவில்லை, இருமவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். நெஞ்சுக்குள் பூனை பிராண்டுகிற மாதிரி இருந்தது. திடகாத்திரம் என்று எழுதிக் கொடுத்தவள் எப்படி இருமுவது? கண் பிதுங்கினாலும் வாயைத் திறக்கக்கூடாது என்று நின்றேன்.

மிளகாய் முடிந்தது. பழக்கத்தில் கை தானாக நொய்யை எடுத்துக் கொட்டியது. இனி ஒன்றும் இல்லை, கிளம்பிவிடுவாள் என்று நினைக்கும்போது கேட்டாள்.

"அந்த நொய் எதுக்குங்கக்கா?"

பதில் சொல்ல வேண்டுமே. வாயைத் திறந்தேன். நுணலும் தன் வாயால் கெடும். வந்தது பதில் இல்லை, இருமல். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற மாதிரி இல்லை. குனிந்தேன், உட்கார்ந்தேன், மெஷின் காலைப் பிடித்துக்கொண்டேன். இவர் முதுகைத் தடவினார். மூச்சு உள்ளே போக வழியே இல்லை. உண்மையாகவே பயந்துவிட்டேன்.

யாரோ ஒரு டம்ளரை வாயருகில் வைத்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீர். குடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. யார் வீட்டுத் தண்ணீர் என்று பார்க்கிற நிலையில் இல்லை. அப்புறம்தான் பார்த்தேன், டம்ளரில் 'கோ' என்று வெட்டியிருந்தது. டீச்சர் தன் வாசலுக்குத் திரும்பிப் போய் நின்றுகொண்டிருந்தாள். வெந்நீர் அவ்வளவு சீக்கிரம் எப்படிக் கிடைத்தது, முன்னாலேயே சுடவைத்து வைத்திருந்தாளோ என்னவோ.

இவர்தான் கமிஷனருக்கு நொய் எதற்கென்று சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து இவர் இவ்வளவு கோவையாகப் பேசி நான் கேட்டதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

டம்ளரைப் புளி போட்டு விளக்கி, அவள் வாசல் படியில் வைத்துவிட்டு வந்தேன். வெறும் டம்ளரைக் கொடுக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் ராகி மாவு போட்டேன். அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

மார்ச் 21, வெள்ளி

கமிஷனர் அறிக்கை வந்துவிட்டது. வக்கீல் வாசித்தார். அந்தப் பெண் ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒரு சொல்லைக் குறைக்கவில்லை. மில்லில் புகைப்போக்கி இல்லை. மிளகாய் அரைக்கும்போது நெடி டியூஷன் அறைக்குள் வருகிறது. அரிசி, ராகி அரைக்கும்போது வருவதில்லை. அன்று பிரதிவாதியின் மில்லுக்கு மிளகாய் வரவில்லை, ஆணையர் தாம் கொண்டுவந்ததை அரைக்கச் செய்தார். மிளகாய்க்குப் பின், அடுத்து வருபவர் மாவில் காரம் ஏறாதிருக்கப் பிரதிவாதி தம் சொந்த நொய்யை ஓட்டுகிறார். மில்லில் வேலையாட்கள் வேறு எவரும் இல்லை, மெஷினை இயக்குபவர் பிரதிவாதி மட்டுமே. பிரதிவாதிக்குக் கடும் இருமல் ஏற்பட்டது, பேச இயலவில்லை.

நொய்யைக்கூட விடாமல் எழுதியிருக்கிறாளே என்று எனக்குப் பெருமை. வக்கீலுக்கு இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏனுங்கம்மா, இருமலே இல்லைன்னு எழுதச் சொன்னீங்களே."

"அன்னைக்கு ஏதோ ஒரு நாள்..."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சு எங்கிட்ட நீட்டிட்டீங்க. நானும் வாங்கிக் கோர்ட்டுல வெச்சுட்டேன். இப்ப பாருங்க. நெடி அரிசிக்கு வரல, மொளகாய்க்கு மட்டுந்தான் வருதுங்கறது நெசம். உங்க தொழில் சுத்தமும் நெசம். ஆனா இது ஒண்ணு பொய்யின்னு ஆனா, மத்த நெசத்தையும் கோர்ட்டு சந்தேகமாத்தான் பார்க்கும். அடுத்த வாய்தாவுல தடை வந்தாலும் வரும்."

அவர் குரலை உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார், அதனால் ஒவ்வொன்றும் உள்ளே இறங்கியது. மக்கள் நீதிமன்றத்துக்குப் போய்ச் சமாதானமாகப் பேசிப் பார்க்கலாம், இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் முடிவு, பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம் என்றார்.

"அவ மில்லை மூடணும்னுதானுங்க சொல்லுவா."

"கேட்டுத்தான் பார்ப்போமே."

மார்ச் 22, சனி

தொண்டை கட்டிவிட்டது, பேச முடியவில்லை. இவருக்குக் கொண்டாட்டம்.

ஏப்ரல் 4, வெள்ளி

சீசன் உச்சம். வரிசையில் தூக்குவாளிகள் தெரு வரை நிற்கின்றன. ஒவ்வொரு வாளியையும் எடுக்கும்போது இதுதான் கடைசி வருஷமோ என்று வருகிறது.

ராத்திரி சாப்பாட்டில் இவர் வாயைத் திறந்தார். "கேஸு போடறதுக்கு முன்னாடி மூணு வாட்டி வந்து சொன்னா அந்தப் புள்ளை."

"என்ன சொன்னா?"

"மொத வாட்டி, புள்ளைங்க தும்முதுன்னா. நீ, மில்லுன்னா தூசி பறக்கத்தான் செய்யும், பட்டு நெசவா நெய்யறோம்னு கேட்டே. ரெண்டாவது வாட்டி, சாயங்காலம் மட்டும் மொளகா வேண்டாம்னா. என் மில்லு, என் நேரம்னே. மூணாவது வாட்டி புள்ளைங்களப் பத்தியே பேசல. அக்கா, ராத்திரியெல்லாம் இருமறீங்க, ஆசுபத்திரிக்கு நான் கூட வாறேன்னா. நீ உஞ்சோலியப் பாருன்னு கதவைச் சாத்துனே."

நான் அப்படியா சொன்னேன்? எனக்கு ஞாபகம் இல்லை. ரசம் ஆறிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 26, சனி

மக்கள் நீதிமன்றம். கூண்டும் இல்லை, உயரமான மேடையும் இல்லை. ஒரு மேஜை, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், பக்கத்தில் ஒரு வக்கீல் அம்மா. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் டீச்சரும் அவள் வக்கீலும். முழங்கை முட்டுகிற தூரம்.

"நீங்க சொல்லுங்கம்மா. மில்லை மூடணுமா?" என்று நீதிபதி டீச்சரைக் கேட்டார்.

நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். இவள் ஆமாம் என்று சொன்னால் எழுந்து போய்விட வேண்டியதுதான். அடுத்த வாய்தாவில் தடை, அப்புறம் பூட்டு.

"வேண்டாங்க" என்றாள்.

அவள் வக்கீலே திரும்பிப் பார்த்தார்.

"பிராதுல அப்படித்தாங்க எழுதியிருக்குது. அப்படிக் கேட்டாத்தான் கொஞ்சமாச்சும் கெடைக்கும்னு நெனைச்சேன். ஆனா கேஸு போட்ட பொறவும் இந்த மில்லுலதாங்க ராகி அரைச்சேன். மொளகாய்க்கு அடுத்தாப்புல என்னோட டின்னு நின்னுது. இவங்க நெனைச்சிருந்தா நேரா போட்டிருக்கலாம். களி கிண்டி மொத வாய் வெச்சப்ப பயந்துட்டேதான் வெச்சேன். துளி காரம் இல்லீங்க. அன்னைக்கே மில்லை மூடணும்கிற நெனப்பு எனக்கு விட்டுப்போச்சு, வக்கீல் ஐயாகிட்டக் கூடச் சொல்லல."

எனக்கு மூக்கு எரிந்தது. மிளகாய் எதுவும் பக்கத்தில் இல்லை. அன்றைக்குப் பிசாசு புகுந்த அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தேன். கையைப் பிடித்து நிறுத்திய சாமிக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

அப்புறம் பேச்சு மளமளவென்று போனது. டியூஷன் இல்லாத காலை வேளையில், செவ்வாயும் சனியும் மட்டும் மிளகாய். மெஷினுக்கு மேல் தூசியை மறிக்கிற கூண்டும் புகைப்போக்கியும் நான் வைக்க வேண்டும். சுவர்ப்பக்க ஜன்னலை அடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மில் இருக்கிறது, அது போதும். உடன்படிக்கையை வக்கீல் அம்மா எழுதிக்கொண்டே வந்தார்கள்.

"கடைசியா ஒண்ணுங்க" என்றாள் டீச்சர். "மில்லுல வேலை செய்யறவங்க எல்லாருக்கும் நெஞ்சு டாக்டர் கிட்டப் பரிசோதனை. ஒரு மாசத்துக்குள்ள மொத தடவை, அப்புறம் வருஷா வருஷம். இதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

நீதிபதி என்னைப் பார்த்தார். நான் தாராளமாக, "போட்டுக்கோங்க சாமி" என்றேன். "ஆனா எம்மில்லுல வேலையாளு ஏதுங்க? நான் ஒருத்திதானே?"

"அதானுங்க்கா" என்றாள்.

சம்மன் வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

தனசேகரன் ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். கோயமுத்தூர் நெஞ்சு டாக்டர், ஏப்ரல் முப்பது, டோக்கன் போட்டாயிற்று. இந்த மனுஷன் எப்போது போட்டார், யாரோடு சேர்ந்து போட்டார் என்று நான் கேட்கவில்லை. இவருக்கு ஏன் சம்மன் வந்த அன்று ஆச்சரியம் வரவில்லை என்றும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

டீச்சரும் வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள். டாக்டர் படம் எடுத்து, ஊதச் சொல்லி, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். தூசி நுரையீரலைப் பிடித்திருக்கிறதாம். இன்னும் இரண்டு சீசன் இப்படியே போயிருந்தால் மெஷினைத் தொடவே முடியாமல் போயிருக்கும் என்றார். வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து, முகமூடி. சரியாக எடுத்துக்கொண்டால் சரியாகிவிடுமாம்.

திரும்பி வரும்போது கேட்டேன், "நேராச் சொன்னா நான் கேட்டிருக்க மாட்டேனா அம்மிணி?"

அவள் மூன்று விரலை நீட்டிக் காட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மே 3, சனி

புகைப்போக்கி ஏறிவிட்டது. நெடி கூரைக்கு மேலே போகிறது. கமிஷனர் பெண் அம்மாவோடு மிளகாய் அரைக்க வந்தாள், இந்தத் தடவை வாடிக்கையாளராக. வாசலில் செருப்பை விட்டாள். கூலி வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

மே 8, வியாழன்

காலையில் யாரோ கதவைப் பிளக்கிற மாதிரி தட்டினார்கள். எழுந்து பார்த்தால் வெயில் வந்துவிட்டது. நான் இவ்வளவு நேரம் தூங்கியதே இல்லை. தலையணை இரண்டு கீழே கிடந்தன.

கதவைத் திறந்தேன். டீச்சர். தலை வாரவில்லை, நைட்டி மேல் துண்டு, காலில் செருப்பு இல்லை. பின்னால் இவர் பல்குச்சியோடு முழித்துக்கொண்டு நிற்கிறார்.

"அக்கா! என்னாச்சுங்க்கா?"

"என்னாச்சு? ஒண்ணும் ஆகலையே."

"ராத்திரி ஒரு சத்தமும் வரல. முழிச்சு முழிச்சுக் கேட்டேன். விடிஞ்சும் வரல. அதான் ஓடியாந்தேன்."

"தூங்கிட்டேன் அம்மிணி" என்றேன்.

அவள் படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி எனக்காக விழித்திருந்திருக்கிறாள். அதைத்தான் ஏழாவது பத்தியில் எழுதியிருந்தாள். நான் வசவு என்று வாசித்துவிட்டேன்.

நானும் படியில் உட்கார்ந்தேன். இவர் காபி போட்டுக்கொண்டு வந்தார், சர்க்கரையே இல்லாமல். இரண்டு பேரும் குடித்தோம்.

வக்கீல் இனி எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழக்கமாகிவிட்டது. இன்று அரைத்தது: டீச்சர் வீட்டு ராகி.